கவிழ்த்து வைத்த விடைகள்

தம்பி,

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் இரசாயனவியல் ஆய்வுகூடச் சாவி இப்போது கௌசல்யாவிடம் இருக்கிறது. இதை எனக்கு உறுதிப்படுத்தியவர் அந்தப் பாடசாலையின் அதிபர். நேற்று மாலை அவரே தொலைபேசியில் அழைத்தார். விஷயத்தைச் சொல்லி முடித்ததும், "எழுதப் போறீங்கன்னா எழுதுங்க, ஆனா ஸ்கூல் பேரப் போட்றாதீங்க" என்றார். போடவில்லை. சாவியைக் கண்ணால் பார்த்தீர்களா என்று நீ கேட்பாய். கையில் வாங்கிப் பார்க்கவில்லை. ஆனால் சற்று நேரத்தில் கௌசல்யா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். சிவப்பு நூல் கோத்த பித்தளைச் சாவி அவள் உள்ளங்கையில் கிடந்தது. படத்துக்குக் கீழே ஒரே வரி: "அம்மா, இத எங்க வைக்கிறதுன்னே தெரியல."

போன வாரம் நீ பேசும்போது ஒரு கேள்வி கேட்டுவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று வைத்துவிட்டாய். "அங்க அது நிக்குமாம்மா?" என்பது கேள்வி. உன் கல்லூரியில் நீ செய்துகொண்டிருப்பது, கடல் தாண்டி வந்து, பண்டாரவளையிலிருந்து பஸ் ஏறிப் போகும் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நிலைக்குமா என்று கேட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். உனக்கு மட்டும் அனுப்பாமல் பத்திரிகைக்கும் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மடுல்சீமையிலும் மொனராகலையிலும் இதைப் படிக்கிறவர்களின் வீட்டிலும் உயர்தரப் பரீட்சை எழுதக் காத்திருக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கும் பாடம் எடுக்க ஆளில்லாமல் இருக்கலாம்.

முதலில் கௌசல்யா யார் என்று சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள். உயர்தர விஞ்ஞானப் பிரிவில் இரண்டு முறை எழுதிவிட்டாள். இரண்டு முறையும் உயிரியலும் பௌதிகவியலும் கைகொடுத்தன, இரசாயனவியல் கைவிட்டது. மூன்று பாடமும் சித்தியடைந்தால் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். இது மூன்றாவது முறை. இதற்கு மேல் எழுத முடியாது. இந்த முறையும் இல்லையென்றால், கொழும்பில் அவள் அண்ணன் வேலை செய்யும் துணிக்கடையில் அவளுக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவளுக்கு அந்தத் துணிக்கடை வேண்டாம். அதை அவள் யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை. என்னிடம் சொன்னது பஸ் ஸ்டாண்டில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது.

அன்று நான் போயிருந்தது வேறு காரியத்துக்கு. அந்தப் பாடசாலையின் இரசாயனவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை என்று தகவல் வந்திருந்தது. பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இப்படிப்பட்ட செய்தி வந்தால் காலில் செருப்பு ஏறிவிடுகிறது. ஊவாவில் எத்தனை பாடசாலைகளைப் பற்றி ‘ஆசிரியர் பற்றாக்குறை’ என்று எழுதியிருப்பேன். அதிபரிடம் கேட்பேன், பெற்றோரிடம் கேட்பேன், வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்பேன். ஆசிரியர் வராத அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கேட்டதே இல்லை. சும்மா இருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன், அதுவும் பஸ் வராததால். கௌசல்யா சொன்னாள்: "அங்க படிக்கிற தினேஷும் ஷாலினியும் பழைய பாஸ் பேப்பர் செய்வாங்கம்மா. நான் பிரைவேட்டா எழுதுறவ, உள்ள வரக்கூடாது. வெளிய ஜன்னல்கிட்ட நின்னு கேட்டுகிட்டு இருப்பேன்." பேச்சுவாக்கில் நான் உன்னைப் பற்றியும் சொல்லியிருந்தேன். என்னை நேராகப் பார்த்து, "உங்க மகன் அமெரிக்காவுல கெமிஸ்ட்ரிதானே படிக்கிறாரு? சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் போன்ல படிச்சுக் குடுக்கச் சொல்லுவீங்களா?" என்றாள்.

நான் யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். நீயோ யோசித்து மாட்டேன் என்றாய். அந்த உரையாடல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நான் பாடம் எடுக்கலம்மா. ஒரு கேள்வி மட்டும் அனுப்புறேன். மூணு பேரும் சேர்ந்து ஒரு விடைக்கு வரட்டும். மார்க்கிங் ஸ்கீம் பாக்கக் கூடாது. சரியா தப்பான்னு என்கிட்டயும் கேக்கக் கூடாது." நான் இதைக் கௌசல்யாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, "ஏம்மா, உங்க மகனுக்குப் பெரும வந்திருச்சா?" என்றாள்.

அதனால்தான் உன்னைக் கேள்விகளால் குடைந்தேன். நீ சொன்னதை மற்றவர்களுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன், பிழையிருந்தால் திருத்து. நீ படிக்கும் கல்லூரி, கறுப்பினத்தவர்களை வெள்ளையர்களின் கல்லூரிகள் வாசலோடு திருப்பி அனுப்பிய காலத்தில் அவர்களுக்கென்று எழுந்தது. இன்று யாரும் சேரலாம், பதுளைப் பையனும் சேரலாம். ஆனால் இன்றும் பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகளே படிக்கிறார்கள். முதலாமாண்டு இரசாயனவியலில்தான் அங்கே நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அந்தப் பாடத்தைத் தாண்டாமல் தாதியாகவோ மருத்துவராகவோ முடியாது. விரிவுரை வழக்கம்போல் நடக்கும். அதோடு, அதே பாடத்தை முந்திய ஆண்டு நன்றாக முடித்த ஒரு மாணவன், ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவோடு வாரம் ஒருமுறை உட்காருவான். அவன் ஆசிரியனில்லை, வழிகாட்டி. நீயும் இப்போது அப்படி ஒருவன். கேள்வித்தாள் இருக்கும், விடைத்தாள் இருக்காது. குழு பேசி, சண்டை போட்டு, தானே ஒரு முடிவுக்கு வர வேண்டும். அவன் வேலை எல்லோரும் பேசுகிறார்களா என்று பார்ப்பது, பேசாதவரைப் பேச வைப்பது, தன் வாயை மூடிக்கொண்டிருப்பது.

இதில் நீ சொன்ன ஒன்று என்னைச் சிரிக்க வைத்தது, பிறகு யோசிக்க வைத்தது. முதல் பருவத்தில் உன்னைத்தான் நல்ல வழிகாட்டி என்று பேராசிரியர் பாராட்டினாராம். காரணம், நீ பேசவே இல்லை. "முறை தெரிஞ்சு பேசாம இருக்கலம்மா, என் இங்கிலீஷுக்குப் பயந்து பேசாம இருந்தேன்" என்றாய். இரண்டாவது பருவத்தில் ஆங்கிலம் வந்துவிட்டது. உடனே நமக்குள் இருக்கும் டியூசன் மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். வெள்ளைப்பலகைக்குப் போய் விடையை எழுதிக் காட்ட ஆரம்பித்தாய். குழுவில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள், அடுத்த பரீட்சையில் குறைவாக எடுத்தார்கள். அப்போதுதான் உன் குழுவிலிருந்த ஜாஸ்மின் உன்னை நிறுத்தினாள். அந்தப் பாடத்தில் ஒருமுறை தவறி, திரும்ப எடுத்துக்கொண்டிருந்தவள். "உனக்குத் தெரியும்ங்கிறது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியுமான்னு எப்ப பாக்கப் போற?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து நீ பலகைப் பக்கம் போகவில்லை.

இதைக் கேட்டதும் எனக்குத் தெமோதரை ரயில் நினைவுக்கு வந்தது. உனக்கு ஆறு வயதிருக்கும். பதுளையிலிருந்து போகும்போது, தலைக்கு மேலே மலையில் ஸ்டேஷன் தெரிந்தது. நாம் இருந்த ரயிலோ அதற்குக் கீழே சுரங்கத்துக்குள் நுழையப் போகிறது. "அம்மா, ஸ்டேஷன் மேல இருக்கு, நாம கீழ இருக்கோம். எப்படி ஏறும்?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தாய். நான் உடனே கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டி, ரயில் மலையைச் சுற்றி ஏறும் என்று சொல்லிவிட்டேன். நீ சரி என்று தலையை உள்ளே எடுத்துக்கொண்டு, பையிலிருந்த கடலையைக் கேட்டாய். எதிரே உட்கார்ந்திருந்த உன் அப்பா, "விட்டிருந்தா இன்னும் கொஞ்ச நேரத்துல அவனே பாத்திருப்பான். உனக்கு என்ன அவசரம், டெட்லைனா?" என்றார். அப்போது கோபம் வந்தது. இப்போது அந்தக் கேலியில் ஒரு விஷயம் இருந்ததென்று தெரிகிறது. பிள்ளைக்குப் பதில் சொல்வது அன்புதான். கேள்வி முடிந்துவிட்டதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாளை உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்களைத் தெமோதரை வழியாகக் கூட்டிக்கொண்டு போ. நான் பக்கத்தில் இருந்தால் என் வாயைப் பொத்து.

பூனாகலைக்குத் திரும்புகிறேன். பெருமை என்று கிண்டல் செய்தாலும் கௌசல்யா வந்தாள். சனிக்கிழமைகளில் ஆய்வுகூடத்தைத் திறந்துவிட அதிபர் வாய்மொழியாகச் சம்மதித்திருந்தார். தினேஷ் வாயாடி, எதைச் சொன்னாலும் அதில் ஒரு பகிடி வைத்திருப்பான். ஷாலினி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிற பெண், மற்ற நாட்களில் குரலே கேட்காது. நான் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. எனக்கு இரசாயனவியல் தெரியாது என்பதால் வாயை மூடிக்கொண்டிருப்பது சிரமமாக இல்லை.

நீ அனுப்பிய இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல் தொடங்கியது. ஒரே செறிவில் இரண்டு அமிலங்கள். ஒன்று வலிமையான வன்னமிலம், மற்றது வினாகிரியில் இருக்கிற, வலிமை குறைந்த மென்னமிலம். இரண்டிலும் ஒரே கனவளவு எடுத்து நடுநிலையாக்கினால் எதற்குக் கூடுதலாகக் காரம் வேண்டும் என்பது கேள்வி. கௌசல்யா வாசித்த கையோடு, "வன்னமிலத்துக்குத்தான் கூட. அதுதானே ஸ்ட்ரோங்" என்றாள். தினேஷ் தலையாட்டினான். ஷாலினி தலையாட்டினாள். ஒருமனதாக முடிவு, எல்லோரும் சந்தோஷமாக அடுத்ததற்குப் போனார்கள். நான் கூட, ஒற்றுமையாக இருக்கிறார்களே என்று மகிழ்ந்து உனக்கு எழுதினேன். நீ பதிலுக்கு, "அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டாங்களா? அப்ப பேசலன்னு அர்த்தம். செஞ்சு பாக்கச் சொல்லுங்க" என்று மட்டும் எழுதினாய்.

அடுத்த சனிக்கிழமை செய்து பார்த்தார்கள். அலுமாரியில் அமிலங்கள் இருந்தன, அளவுக் குழாயான பியூரெட் ஒன்று விளிம்பு உடைந்திருந்தாலும் வேலை செய்தது. ஷாலினி காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள், தினேஷ் குடுவையைச் சுழற்றினான், நீர் வெளிர் சிவப்பாக மாறிய இடத்தில் கௌசல்யா அளவை வாசித்தாள். பிறகு மற்ற அமிலம். இரண்டுக்கும் ஒரே அளவு. "எங்கயோ பிழ வுட்டுட்டோம்" என்று திரும்பச் செய்தார்கள். திரும்பவும் ஒரே அளவு. அப்போது ஷாலினி, யாரையும் பார்க்காமல், குடுவையிடம் பேசுவது போலச் சொன்னாள்: "எனக்கு அப்பவே ரெண்டும் ஒண்ணுன்னுதான் பட்டிச்சு." தினேஷ் தலையைச் சொறிந்தான். "எனக்கும் ஒரு டவுட்டு இருந்திச்சி." கௌசல்யா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ஏன்டி சொல்லல?" ஷாலினி சொன்ன பதில் ஒரு வரிதான்: "அக்கா சொன்ன பெறகு எப்படி அக்கா சொல்றது?"

இதைத்தான் உன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன், உன் கல்லூரியில் இப்படி நடக்குமா என்று. அங்கே உன்னைவிட வயதில் மூத்தவர்களும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ சொல்வது தப்பு என்பார்கள் என்றாய். இங்கே அப்படியில்லை. கௌசல்யா மூத்தவள், இரண்டு முறை பரீட்சை மண்டபத்தைப் பார்த்தவள். அவளை எதிர்த்துப் பேசினால், பேசியவர் வீட்டு வளர்ப்பைத்தான் லயத்தில், அந்தத் தொழிலாளர் குடியிருப்பில், கேள்வி கேட்பார்கள். நீ சொன்ன மூன்று விதிகளையும் பிள்ளைகள் மீறவே இல்லை. அதற்கும் முன்பிருந்தே அவர்கள் மீறாத விதி ஒன்று இருந்தது, அது உன் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை கௌசல்யா வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நான் லயத்துக்குப் போனேன். அவள் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்கம்மா" என்றாள், முகத்தைத் திருப்பவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டேன். "நான் போனா அதுங்க கெட்டுப் போகும்மா. நான் தப்புச் சொன்னாலும் தலையாட்டுதுங்க. அதுங்களுக்கு இது மொத தடவ. நான் ரெண்டு தடவ தப்பா எழுதுனத அதுங்க மண்டையிலயும் எழுதி வைக்கவா?" அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். விறகை அடுக்கிக்கொண்டே அவளே கேட்டாள்: "உங்க மகன் குரூப்புல ஒரு பொண்ணு ரெண்டாவது தடவ எடுக்குதுன்னு சொன்னீங்களே, அது வருதா?" வருகிறாள் என்றேன். "வெக்கமா இல்லையாமா?" உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். நீ ஜாஸ்மினிடமே கேட்டு, அவள் சொன்னதைத் தமிழில் அனுப்பினாய்: "இருக்கு. வெக்கத்தோடதான் வர்றேன்." அதை அப்படியே கௌசல்யாவுக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, படித்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமையும் வரவில்லை.

அவளைத் திரும்பக் கொண்டுவந்தது நானில்லை, நீயுமில்லை, தினேஷ். சாவு வீடுகளில் பெரியவர்கள் முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டம் ஆடும்போது பின்னால் நின்று பார்த்தே அந்தக் காட்ஸ் விளையாட்டைப் படித்தவன் அவன். கௌசல்யா வீட்டு வாசலில் போய் நின்று அவன் சொன்னதை ஷாலினி எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள். "அக்கா, முன்னூற்றி நாலுல துரும்புச் சீட்ட எப்படி வைப்பாங்க? கவுத்துத்தானே வைப்பாங்க? காட்டிட்டு ஆடுனா எவன் ஆடுவான்? நீங்க வாயத் தொறந்து காட்டிர்றீங்க, அதுதான் பிரச்சன. இனி ஆளுக்கொரு துண்டுத்தாள். எழுதிக் கவுத்து வைப்போம். மூணும் ஒண்ணா திரும்பும். அப்ப யாரு அக்கா, யாரு தம்பி?" கௌசல்யா, "அப்ப தாள் மட்டும் அக்காவ எதுத்துப் பேசலாமாடா?" என்று கேட்டாளாம். "தாளுக்கு என்னக்கா வளர்ப்பு இருக்கு" என்றானாம்.

அந்த வாரத்திலிருந்து அந்த அறை வேறு அறையாகிவிட்டது. கேள்வி வாசிப்பார்கள். எழுதுவார்கள். தாளை மேசையில் கவிழ்த்துக் கையால் அழுத்துவார்கள். "துரும்பு!" என்று தினேஷ் கத்துவான், மூன்றும் திரும்பும். விடைகள் வேறுபட்டால்தான் அவர்களுக்குச் சந்தோஷம், ஏனென்றால் அப்போதுதான் சண்டை. முதலில் இளையவர் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில். விடை தெரியாவிட்டால் வெறுந்தாள் வைக்கலாம், ஆனால் எந்த இடத்தில் நின்றுபோனோம் என்று சொல்ல வேண்டும். இந்த விதி கௌசல்யா போட்டது. அமிலக் கேள்வியைத் திரும்ப எடுத்தார்கள். ஏன் இரண்டுக்கும் ஒரே அளவு என்று ஷாலினி விளக்கியதை நான் எழுதி வைத்துக்கொண்டேன், ஏனென்றால் எனக்கே விளங்கியது: "ஒருத்தி கொழுந்தக் கூடையோட ஒரே தடவையில கொட்டிர்றா. இன்னொருத்தி கூடைய இறுக்கிப் புடிச்சிகிட்டு கொஞ்சமாக் கொட்டுறா. கொட்டுனத எடுக்க எடுக்க அவளும் கொட்டிகிட்டேதானே இருக்கணும்? கடைசியில தராசுக்கு ரெண்டு பேரு கொழுந்தும் ஒண்ணுதான்." உன்னிடம் இதைச் சொன்னபோது, "இத நான் ஜாஸ்மின்கிட்ட சொல்லலாமாம்மா?" என்று கேட்டாய். சொல்லாதே, அவளே ஏதாவது கண்டுபிடிக்கட்டும் என்று நான் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் கதவு பூட்டப்பட்டது. பாடசாலைக் காவலாளி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். மேசையைச் சுற்றி மூன்று பேர், கையில் துண்டுத்தாள்கள், மேசையில் அடி, "துரும்பு" என்று சத்தம், பிறகு சிரிப்பும் சண்டையும். அவர் நேராக அதிபரிடம் போய், "சார், லேப்புக்குள்ள காட்ஸ் ஆடுதுங்க. வெளியாளும் ஒருத்தி இருக்கா" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்ததைச் சரியாகத்தான் சொன்னார். அதிபர் அன்றே பூட்டினார். நான் போய் நின்றபோது, "அம்மா, காட்ஸ் இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்தப் புள்ள இப்ப இந்த ஸ்கூல் புள்ள இல்ல. அமிலம் இருக்கிற ரூம். ஏதாச்சும் நடந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி.

பதில் சொன்னவள் கௌசல்யா. அதிபரின் அறை வாசலில் நின்று, "சார், ஒரு தடவ உள்ள வந்து உக்காருங்க. அப்பறம் பூட்டிக்கோங்க. நான் எதும் கேக்க மாட்டேன்" என்றாள். அவர் வந்தார். வரலாறு படித்தவர், நாற்காலியை மேசையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். தினேஷ் அவருக்கு முன்னாலும் ஒரு துண்டுத்தாளை வைத்தான். "எனக்கு எதுக்குடா?" "ரூமுக்குள்ள இருக்கிற எல்லாருக்கும் சார். பேப்பர்க்கார அம்மாவுக்கும்தான்." அன்று முதல் தடவையாக எனக்கும் ஒன்று வந்தது. கேள்வி, நீ அனுப்பியது, சுண்ணாம்பும் அமிலமும் பற்றியது. எல்லோரும் கவிழ்த்து வைத்தார்கள். "துரும்பு" என்று இந்த முறை தினேஷ் மெல்லத்தான் சொன்னான். மூன்று தாள்களில் மூன்று விடைகள். என்னுடையதும் அதிபருடையதும் வெறுந்தாள்.

"சார், வெறுந்தாள் வைக்கலாம்" என்றாள் கௌசல்யா. "ஆனா எங்க நின்னீங்கன்னு சொல்லணும்." அதிபர் சிறிது நேரம் கேள்வியைப் பார்த்தார். "மோல்னு ஒண்ணு சொல்றீங்களே, அங்கயே நின்னுட்டேன்மா. நான் படிக்கிற காலத்துலயும் அங்கதான் நின்னேன். அதனாலதான் ஹிஸ்ட்ரிக்குப் போனேன்." தினேஷ் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான். அதிபரும் சிரித்துவிட்டார். அதன் பிறகு நடந்ததுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. ஷாலினி அவருக்கு மோலை விளக்கத் தொடங்கினாள்; பாதியில் தனக்கே சரியாகத் தெரியாத இடத்தில் வந்து நின்றாள். தினேஷ் அங்கிருந்து எடுத்து, தப்பாகக் கொண்டுபோனான். கௌசல்யா கையைத் தொடையில் இறுக்கி வைத்துக்கொண்டு, இருவரும் முடிக்கும்வரை காத்திருந்தாள். அவளுக்கு விடை தெரிந்திருந்தது, அவள் தாளில் இருந்தது சரியான விடை என்று பிறகு நீ சொன்னாய். ஆனால் அவள் கேட்டது இவ்வளவுதான்: "தினேஷ், அந்த ரெண்டாவது வரி, அது எங்கருந்து வந்திச்சு?" அவன் தாளைத் திரும்பப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "ஓ…" என்றான். அவ்வளவுதான்.

நீ முதல் பருவத்தில் பயத்தால் செய்ததை, இந்தப் பிள்ளை தெரிந்துகொண்டே செய்தாள். அதை எந்தப் பேராசிரியரும் பார்க்கவில்லை. வரலாறு படித்த ஒருவர் பார்த்தார். எழுந்து போகும்போது, "நான் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கேக்குறேன். அது வர்ற வரைக்கும் ஷாலினியோட அப்பா சனிக்கிழமையில வந்து கூட இருக்கட்டும்" என்றார். ஷாலினியின் அப்பா தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். வந்தார், இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார். அவர் முன்னாலும் ஒரு துண்டுத்தாள் இருக்கும். சாவியை யாரிடம் கொடுப்பார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பாடசாலை மாணவர்கள் இருவர் இருக்க, மாணவியாக இல்லாத ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறார். ஏன் என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன். "அவ பூட்டிட்டுத்தான் போவாம்மா" என்றார்.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். இது வேலை செய்கிறதா என்று நான் இன்னும் சொல்ல மாட்டேன். இதே கேள்வியை உன்னிடமும் கேட்டிருக்கிறேன்: உன் கல்லூரியில் குழுவுக்கு வருகிறவர்கள் எப்படியும் தேறக்கூடியவர்களாகவே இருந்தால்? "நல்ல கேள்வி, எங்க பேராசிரியரும் அதத்தான் பாத்துகிட்டு இருக்காங்க, இன்னும் முடிவு சொல்லல" என்றாய். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. இங்கேயும் அப்படித்தான். மூன்று பிள்ளைகளை வைத்து நான் தலைப்புச் செய்தி எழுத முடியாது. நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்: ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவள் இப்போது உள்ளே உட்கார்ந்திருக்கிறாள், தலையாட்டியவர்கள் இப்போது சண்டை போடுகிறார்கள். படிப்பு முடிந்து நீ ஊருக்கு வந்தால், எல்லோரும் உன்னைப் பாடம் எடுக்கச் சொல்வார்கள், மாலை போட்டு மேடையில் ஏற்றவும் பார்ப்பார்கள். ஒரு சனிக்கிழமை பூனாகலைக்குப் போய் ஸ்டூலில் உட்கார். தாள் கொடுப்பார்கள். உன் விடையையும் மற்ற விடைகளோடு கவிழ்த்து வை.

இனி வர வேண்டியவை. கௌசல்யா பாடசாலைக்குள் இருக்கலாமா என்பதற்கு வலயக் கல்வி அலுவலகத்தின் பதில் வரவில்லை. இந்தத் தவணை முடிவதற்குள் வரும் என்று அதிபர் எதிர்பார்க்கிறார். புதிய ஆசிரியர் நியமனம் அடுத்த ஆண்டு இடமாற்றங்களோடுதான் என்கிறார்கள். "டீச்சர் வந்தா நாங்க நிப்பாட்டணுமா?" என்று ஷாலினி கேட்டாள், அதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன். ஜாஸ்மினின் இறுதிப் பரீட்சை மார்கழியில் என்றாய். முடிவு வந்த அன்றே எனக்கு எழுது, கௌசல்யா கேட்டுக்கொண்டிருக்கிறாள். உயர்தரப் பரீட்சை கார்த்திகையில். பெறுபேறு சித்திரை அளவில் வரலாம். துணிக்கடையா தாதியர் பயிற்சியா என்பது அன்றுதான் தெரியும்.

அங்கே அது நிற்குமா என்ற உன் கேள்விக்கு என் விடையை ஒரு துண்டுத்தாளில் எழுதி, என் மேசையில் கவிழ்த்து, மேலே மைக்கூட்டை வைத்திருக்கிறேன். நீயும் உன் விடையை எழுதி, உன் மேசையில் கவிழ்த்து வை. பெறுபேறு வரும் அன்று போனில் இருவரும் ஒன்றாகத் திருப்புவோம். இளையவன் நீ, முதலில் நீ பேசு. வெறுந்தாளாக இருந்தாலும் பரவாயில்லை, எங்கே நின்றாய் என்று மட்டும் சொல்.

அம்மா
பதுளை